பாதி பாதியாய் வெட்டினால் வட்டி வெளியே வரும்

வட்டி எவ்வளவு என்று கேட்டால் நம்மூரில் கடன் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. முழு உண்மையையும் சொல்வதில்லை. "வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம்தான் சார்" என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எந்தத் தொகைக்கு, எத்தனை மாதத்துக்கு என்று கேட்டால் பேச்சு மாதத் தவணைக்குத் தாவிவிடும். தவணை கையில் இருக்கும் ஓய்வூதியத்துக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

என் கட்சி இதுதான். உண்மையான வட்டியைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குச் சூத்திரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், கல்லூரிப் படிப்பும் வேண்டாம். பெருக்கல், கழித்தல், பாதியாக்கல் மூன்றும் போதும். அதைப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ஆகையால் இந்த வயதிலாவது நாம் கற்றுக்கொண்டு, பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எழுபதை அறுபது பத்து என்றும், எண்பதை நான்கு இருபது என்றும், தொண்ணூறை நான்கு இருபது பத்து என்றும் எண்ணப் பழகிய தலைமுறை. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவோம். பிறகு அரசு வேலைக்கு வந்து, ஆங்கிலத்தில் நோட் போட்டு, ரூபாய் பைசாவுக்குப் பட்டியல் தயாரித்தபோது அந்தக் காற்புள்ளியை மறக்கவே சில வருஷம் பிடித்தது. மறக்காமல் தங்கியது ஒரு சொல். கணக்கு மிசியே கரும்பலகையில் எழுதிய 'திகோத்தொமி'. கிரேக்கத்திலிருந்து வந்த சொல், இரண்டாக வெட்டுவது என்று பொருள். தமிழில் இருகூறாக்கும் முறை என்று சொல்லலாம்.

முதலில் ஒரு நிஜமான கடனை எடுத்துக்கொள்வோம். என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்குப் பேரனின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 ரூபாய் தேவைப்பட்டது. இரண்டு இடத்தில் விசாரித்திருந்தார். ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 14 சதவீதம், டிமினிஷிங் முறை. அதாவது மீதி நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டி. இன்னொரு நிதி நிறுவனத்தில் 12 சதவீதம், ஃபிளாட். அறுபதாயிரத்துக்கு வருஷ வட்டி 7,200. இரண்டையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,600. "அண்ணே, பன்னிரண்டு சின்னதா, பதினாலு சின்னதா? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

யோசிக்க நிறைய இருந்தது. முதல் மாதம் மட்டும்தான் அவர் கையில் அறுபதாயிரம் இருக்கும். ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டே வருகிறார். ஆறு மாதம் போனால் கடன் ஏறக்குறைய பாதிதான். பதினோராம் மாதம் சில ஆயிரங்கள்தான் மீதி. ஆனால் வட்டியோ பன்னிரண்டு மாதமும் முழு அறுபதாயிரத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. சராசரியாகப் பாதித் தொகையைத்தான் வைத்திருந்தார் என்றால் உண்மையான வட்டி சொன்னதைப் போல் இரண்டு மடங்கை நெருங்கும். இவ்வளவும் மனக்கணக்காகவே தெரிந்துவிடும். சரியாக எவ்வளவு என்பதில்தான் சிக்கல்.

உண்மையான வட்டி என்றால் என்ன? மீதி நிற்கும் கடனுக்கு மாதாமாதம் அந்த வீதத்தில் வட்டி சேர்த்து, 5,600 கழித்துக்கொண்டே வந்தால், பன்னிரண்டாவது தவணையோடு கடன் சரியாகப் பூஜ்யமாக வேண்டும். அப்படிப் பூஜ்யமாக்கும் வீதம்தான் உண்மையான வட்டி. கணிதக்காரர்கள் இதைச் சமன்பாட்டின் மூலம் என்பார்கள். இந்தச் சமன்பாட்டில் வட்டி வீதம் தனியாக நிற்பதில்லை. மாதம் ஒரு முறை தன்மேல் தானே ஏறி, பன்னிரண்டாம் படி வரை போகிறது. நேர்கோட்டுக் கணக்கு என்றால் ஒரு பக்கம் கொண்டுபோய் வகுத்துவிடலாம். இது நேரியல் அல்லாத சமன்பாடு, அப்படி வகுக்க வராது.

சூத்திரம் இருக்குமே என்று கேட்கலாம். இருபடிச் சமன்பாட்டுக்கு இருக்கிறது, நாமெல்லாம் மனப்பாடம் செய்தோம். முப்படிக்கும் நாற்படிக்கும் பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியர்கள் கண்டுபிடித்தார்கள். ஐந்தாம் படிக்குப் பொதுவான சூத்திரம் கிடையவே கிடையாது என்று நார்வே நாட்டு இளைஞர் ஆபெல் 1824இல் நிரூபித்தார். அந்தக் கட்டுரையை அவர் எழுதியது பிரெஞ்சில். ஐந்து வருஷம் கழித்து 26 வயதில் இறந்துபோனார். எந்தச் சமன்பாட்டுக்குச் சூத்திரம் உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக் காட்டிய பிரெஞ்சுக்காரர் கால்வா, 1832இல் துப்பாக்கிச் சண்டையில் இறந்தபோது வயது 20. இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து உலகத்துக்குச் சொன்னது: எல்லாக் கணக்குக்கும் சூத்திரத்தைத் தேடாதே. பன்னிரண்டாம் படிக் கணக்குக்குத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் தவணை முடிந்துவிடும்.

சூத்திரம் இல்லாவிட்டால் என்ன? விடையை வேலி போட்டுப் பிடிக்கலாம். மாதம் 1 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். சாதாரணக் கால்குலேட்டரில் 60,000ஐ 1.01ஆல் பெருக்கி 5,600 கழியுங்கள். வந்ததை மறுபடி பெருக்கி மறுபடி கழியுங்கள். பன்னிரண்டு முறை. கடைசியில் பூஜ்யத்துக்குக் கீழே போய் 3,413 ரூபாய் அதிகமாகக் கட்டியதாக வரும். அப்படியென்றால் உண்மையான வட்டி 1ஐவிட அதிகம். இப்போது 3 சதவீதம் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதம் கட்டியும் 6,070 ரூபாய் கடன் மீதி நிற்கும். ஆகவே உண்மையான வட்டி 3ஐவிடக் குறைவு.

இப்போது ஆள் அகப்பட்டுக்கொண்டான். ஒரு பக்கம் கழித்தல் குறி, ஒரு பக்கம் கூட்டல் குறி. நடுவே எங்கோ பூஜ்யம் இருந்தே ஆகவேண்டும். வட்டியை மெல்ல மெல்ல ஏற்றினால் மீதியும் மெல்ல மெல்லத்தான் ஏறும், பூஜ்யத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது. கிணற்றுக்குள்ளிருந்து படியேறி மாடிக்குப் போகிறவன் தரையைத் தொடாமல் போக முடியாது என்பதுபோல. இவ்வளவு வெளிப்படையான விஷயத்தையும் நிரூபிக்க வேண்டும் என்று நினைத்து, பிராக் நகரத்தில் போல்சானோ 1817இல் கட்டுரை எழுதினார். பாரிஸில் கோஷி 1821இல் தம் பாடநூலில் நிரூபணத்தைச் சேர்த்தார். கோஷி செய்ததும் ஏறக்குறைய இதேதான். இடைவெளியைக் கூறு போட்டு, எந்தக் கூறில் குறி மாறுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கூறு போடுவது.

நாம் இரண்டு கூறாகவே போடுவோம். 1க்கும் 3க்கும் நடு 2.

2 சதவீதம்: 987 ரூபாய் கடன் மீதி. வட்டி 2ஐவிடக் குறைவு.
1.5 சதவீதம்: 1,294 ரூபாய் அதிகம் கட்டியாயிற்று. வட்டி 1.5ஐவிட அதிகம்.
1.75 சதவீதம்: 174 ரூபாய் அதிகம். இன்னும் மேலே.
1.875 சதவீதம்: 401 ரூபாய் மீதி. கீழே.
1.8125 சதவீதம்: 112 ரூபாய் மீதி. இன்னும் கீழே.
1.78125 சதவீதம்: 31 ரூபாய் அதிகம். மேலே.

ஆறே வெட்டில் விடை 1.78125க்கும் 1.8125க்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பன்னிரண்டால் பெருக்கினால் வருஷத்துக்கு 21.4க்கும் 21.75க்கும் இடையே. இன்னும் நாலைந்து முறை வெட்டினால் 21.46 என்று வரும். பன்னிரண்டு என்று சொன்ன வட்டி உண்மையில் இருபத்தொன்றரை. சங்கத்தின் 14 சதவீதத்தில் அதே அறுபதாயிரத்துக்கு மாதத் தவணை 5,387 ரூபாய். மொத்த வட்டி 4,647. நிதி நிறுவனத்தில் 7,200. பதினாலு பன்னிரண்டைவிடச் சின்னது என்பதை நண்பர் தம் கையாலேயே கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு சங்கத்துக்குப் போனார். மிச்சம் 2,553 ரூபாய். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது ஒரு மாத மருந்துச் செலவு.

இந்த முறையின் அழகு, ஒவ்வொரு வெட்டிலும் நமக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது துல்லியமாக எண்ணில் நிற்பதுதான். பத்து முறை வெட்டினால் சந்தேகம் 1,024இல் ஒரு பங்காகச் சுருங்கும். இருபது முறை வெட்டினால் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. எங்கே தொடங்கினாலும், வேலி சரியாக இருந்தால், விடை தப்பாது. இடையில் ஒரு பெருக்கலில் கை தவறினாலும் அடுத்த எண்கள் ஒழுங்கில்லாமல் வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அலுவலகத்தில் பழைய ஆட்கள் இதைப் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருந்தோம். நானூறு பதிவுள்ள பட்டியலில் மொத்தம் உதைத்தால் முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவன் புதியவன். அனுபவசாலி இருநூறாவது வரியில் நிறுத்தி, அதுவரையிலான கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பான். ஒத்துப்போனால் பிழை பின்பாதியில். பிறகு முந்நூறாவது வரி. ஒரே பிழை என்றால் எட்டு ஒன்பது முறையில் வரி அகப்பட்டுவிடும். தெருவில் கேபிள் அறுந்த இடத்தைத் தேடுகிறவரும் நடுக்கம்பத்தில்தான் முதலில் சோதித்துப் பார்ப்பார்.

தண்டல் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சந்தையில் காய் விற்கிற அம்மாவுக்குப் பத்தாயிரம் என்று பேசி, ஆயிரத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். "ஆயிரம் ரூபாய்தானே, பத்து சதவீதம்" என்று தோன்றும். நாள் வட்டி 0.2 சதவீதம் என்று வைத்தால் குறைவு, 0.25 என்று வைத்தால் அதிகம். வெட்டிக்கொண்டே போனால் 0.2126இல் நிற்கிறது. 365ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 77க்கும் 78க்கும் நடுவே. வட்டிக்கு வட்டி சேர்க்காமலேயே இவ்வளவு. அந்த அம்மாவுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பத்து சதவீதம் என்று நாம் அவருக்குச் சமாதானம் சொல்லக்கூடாது.

கடனுக்கு மட்டுமில்லை, சேமிப்புக்கும் இதே கத்திதான். "வருஷம் ஐம்பதாயிரம், பத்து வருஷம் கட்டுங்க ஐயா. பதினைந்தாம் வருஷ முடிவில் பத்து லட்சம். போட்டது அஞ்சு லட்சம், நூற்றுக்கு நூறு லாபம்" என்று ஒருவர் சொன்னால் காதுக்கு இனிமையாக இருக்கும். வருஷத் தொடக்கத்தில் கட்டுவதாக வைத்து, 6 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள், 9.35 லட்சம் வரும். 7இல் 10.37 லட்சம். நடுவே 6.5இல் 9.85 லட்சம். 6.75இல் 10.10 லட்சம். ஆக அந்த நூற்றுக்கு நூறு, வருஷத்துக்கு ஆறரைக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவே. இது கெட்ட திட்டம் என்று நான் சொல்லவில்லை, அதில் ஆயுள் காப்பும் சேர்ந்திருக்கலாம். அந்த ஆறே முக்காலை வைப்புநிதி வட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எதிர்ப்பேச்சு இரண்டு வரும், தெரியும். முதலாவது, "தாத்தா, எக்செல்லில் ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும்." வரும். ஆனால் அந்த எக்செல்லும் சூத்திரம் வைத்துக்கொண்டு விடை சொல்வதில்லை. ஒரு யூகத்தில் தொடங்கித் திரும்பத் திரும்ப முயன்றுதான் பார்க்கிறது. 'ரேட்' என்ற கட்டளை இருபது முறை முயன்றும் விடை நிலைக்கு வராவிட்டால் பிழை என்று எழுதிக் கையை விரித்துவிடும். அதோடு, எந்தத் தொகையைக் கூட்டலாகப் போடுவது, எதைக் கழித்தலாகப் போடுவது, தவணை மாதத் தொடக்கத்திலா முடிவிலா என்பதைப் பட்டன் நம்மிடம்தான் கேட்கும். ஒரு முறை கையால் போட்டவனுக்குத்தான் அது தெரியும்.

இரண்டாவது, படித்தவர்கள் சொல்வது: "இது மெதுவான முறை. நியூட்டன் முறை இதைவிடப் பலமடங்கு வேகம்." உண்மை. நியூட்டன் முறையில் விடைக்குப் பக்கத்தில் போய்விட்டால் ஒவ்வொரு தாவலுக்கும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் தொடங்கும் இடம் தப்பினால் அது விடையை விட்டே ஓடிவிடக்கூடும். சரிவு எவ்வளவு என்று வேறு கணக்கிட வேண்டும், அதற்கு வகைநுண்கணிதம் தெரிய வேண்டும். நமக்கு அவசரம் என்ன? ஓய்வு பெற்றவனிடம் நேரம் இருக்கிறது, ஓடிப்போன பணத்தைத் துரத்தக் கால்தான் இல்லை. மெதுவாகவும் நிச்சயமாகவும் போகிற மாட்டு வண்டியே எனக்குப் போதும்.

இந்த வண்டிக்கும் சில ஊர்களுக்குப் பாதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் குறி மாறியிருக்க வேண்டும். கோடு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு அதே பக்கம் திரும்பிவிட்டால் இந்த முறைக்கு அது தென்படாது. வேலிக்குள் மூன்று விடை இருந்தால் ஒன்றைத்தான் பிடித்துக் கொடுக்கும். இடையில் கோடு அறுந்திருந்தால், விடையே இல்லாத இடத்தில் போய் நின்று இதோ என்று காட்டும். தவணைக் கடனில் இந்தத் தொல்லை இல்லை. முதலில் ஒரு தொகை வாங்கி, பிறகு கட்டிக்கொண்டே போகிற கணக்குக்கு ஒரே வீதம்தான் விடை.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. பிரான்சில் 1966 டிசம்பரில் வந்த வட்டிச் சட்டமே, கடன் கொடுப்பவர் எல்லாச் செலவும் சேர்ந்த மெய்யான வருஷ வட்டியைச் சொல்ல வேண்டும் என்றது. நம் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு சுற்றறிக்கை விட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் புதிய கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைக் கையில் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருஷ வட்டி அதில் இருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். ஆகவே தமிழில் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். தெருத் தண்டலுக்கு இந்தத் தாள் வராது. அங்கே நம் கால்குலேட்டர்தான் சட்டம்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகளின் புத்தகத்தில் சமன்பாடு என்றால் விடை 2 அல்லது 5 என்று அழகாக வரும்படி முன்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். வெளியே வந்தால் ஒரு கணக்கும் அப்படி வருவதில்லை. 21.46 வருகிறது. விடை அழகாக வராதபோது என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுக்காததால், பிள்ளைகள் கணக்கைவிட்டே ஒதுங்கிப்போகிறார்கள், தவணைத் தாளையும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு, நடுவில் தேடு என்று ஒரு வகுப்பு எடுத்தால் போதும். பலகையில் மிசியே எழுதிய அந்த ஒரு சொல்லுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு தவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ், செல்போன், மகனின் ஸ்கூட்டர், எதுவானாலும் சரி. கையில் வந்த தொகை எவ்வளவு, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று மூன்று எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். ஃபைல் கட்டணம் என்று ஏதாவது பிடித்திருந்தால் கையில் வந்த தொகையில் அதைக் கழித்துவிடுங்கள். மாதம் 1 சதவீதத்தில் ஒரு முறை, 3 சதவீதத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே குறி வந்தால் வேலியை அகலமாக்குங்கள். குறி மாறினால் நடுவில் வெட்டுங்கள். ஆறு வெட்டுக்கு அரைமணி நேரம் ஆகும். வருகிற எண்ணை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.